சொல்பேச்சு கேட்காத நாய்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் போனை முதலில் வைத்தது யார் என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கு அது வசதி. பதிலையும் எழுதியே அனுப்பு.

என் பெண்ணை என்னடா செய்து வைத்திருக்கிறாய்? கைக்கு வந்த ஆபீஸ் வேலை. அங்கே மேலாளராக இருக்கும் அம்மா என் தையல் கடையின் பழைய வாடிக்கைக்காரி. "ஜூன் கடைசி வரைக்கும் அந்த இடத்த வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்"னு எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதை விட்டுவிட்டு, "மாமா கிட்ட நாய் பழக்கப் போறேன்"னு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நீ பின்னாலிருந்து "வா வா" என்று கூப்பிடாமல் அவளுக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது. எனக்குத் தெரியாதா உன்னை?

தினமும் போன் செய்கிறேன். சாப்பிட்டியா? "ம்." வேலை எப்படி? "ம்." நாய் கடிக்குமா? "ம்ஹூம்." அவ்வளவுதான். அவள் அப்பா இருந்தவரை அவரிடம் வாய் ஓயாமல் பேசுவாள். அவர் போன பிறகு வீட்டில் பேச்சே இல்லை. நான் பெற்ற பெண்ணின் செய்தியை நான் அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அடுத்தவர் நீ என்பது அதைவிடக் கொடுமை.

சரி, கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் அங்கே என்னதான் செய்கிறாள்? காலையில் எழுந்ததும் என்ன வேலை? கண் தெரியாத ஒருவரை ஒரு நாய் எப்படியடா தெருவில் கூட்டிக்கொண்டு போகும்? அதற்குச் சிவப்பு விளக்கு பச்சை விளக்கு தெரியுமா? மறைக்காமல் எழுது. கோபத்தோடுதான் கேட்கிறேன், ஆனாலும் எழுது.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

போனை முதலில் வைத்தது நீதான். இதை எழுத்தில் பதிவு செய்துவிட்டேன்.

உன் பெண்ணை நான் கூப்பிடவில்லை. விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று, இருபது பேரோடு சேர்ந்து நேர்காணலுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் நானே பார்த்தேன். சொந்தக்காரப் பெண் என்பதால் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எடுத்தது சார்ஜென்ட். அது பட்டப்பெயர்தான், எங்களில் எல்லாருக்கும் மூத்த பயிற்சியாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நாயே தானாக உட்கார்ந்துவிடும்.

உன் பெண்ணுக்கும் இங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. ஏன் என்று கேட்கிறாயா? வாயை மூடினால்தானே! நாயிடம் பேசுகிறாள், நாய்க்கூண்டு கழுவும் குழாயிடம் பேசுகிறாள், சமையற்காரரிடம் அவர் மாமியார் கதை முழுக்கக் கேட்டு வாங்கியிருக்கிறாள். "ரேடியோவ யாராச்சும் கொஞ்சம் அணைங்கப்பா"ன்னு சார்ஜென்டே ஒரு நாள் சொன்னார்.

அவளிடம் ஒப்படைத்திருக்கும் நாய்க்கு வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, ஆட்சேபணை இருப்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். முதுகில் ஒரு வார், அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு கைப்பிடி. நடப்பவர் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். நாய் முன்னால் நடக்கும், அதன் அசைவு கைக்கு வரும். விளக்கின் நிறம் நாய்க்குத் தேவையில்லை. எப்போது கடப்பது என்பதை மனிதர் காதால் கேட்டு முடிவு செய்து "போ" என்பார்.

உட்கார், நில், இடது, வலது எல்லாம் சொல்லித் தந்துவிடலாம். கஷ்டமான பாடம் அதற்குப் பிறகு. நாம் "போ" என்று சொல்லும்போது எதிரே பள்ளம் இருந்தால் அது போகக் கூடாது. சொன்னதைக் கேட்டே வளர்ந்த நாய், தான் உயிரை வைத்திருக்கும் ஆளிடம், "மாட்டேன்" என்று நிற்க வேண்டும். எப்போது கேட்பது, எப்போது கேட்காமல் இருப்பது என்று அதுவே முடிவு செய்ய வேண்டும். இதைக் கற்றுத் தருவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. உன் பெண்ணால் முடியும் என்று எனக்குப் படுகிறது.

ஏப்ரலில் தேர்வு. சார்ஜென்ட் கண்ணைக் கட்டிக்கொண்டு, வக்கீலோடு கடைத்தெரு முழுக்க நடப்பார். பழக்கியவர் எட்டத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. வழியில் யார் எச்சரித்துக் கத்தினாலும் தேர்வு செல்லாது. இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் நாயை யாராவது வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிடுவோம். பழக்கியவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்புறம் உன் ஃபேன் இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று. உன் கடையில் வேலை செய்யும் அந்தப் பெண் எத்தனை வருஷமாகப் பொத்தான் தைக்கிறாள்? ஒரு தடவையாவது கத்தரிக்கோலைத் தொட விட்டிருக்கிறாயா? சும்மா கேட்டேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

ரேடியோவா? என் பெண்ணா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேறு யாரையோ சொல்கிறாயோ என்றுகூட நினைத்தேன். அப்படி என்னடா பேசுகிறாள்? சிரிக்கிறாளா? என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று எழுது, தாங்கிக்கொள்வேன்.

சொல்பேச்சு கேட்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம், அதற்கு நீ ஒரு தலைமைப் பயிற்சியாளர்! நம் வீட்டில் அது யாரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் வந்ததே. உனக்கு ஏழு வயதிலேயே பட்டம் கொடுத்திருக்கலாம். ஆனால் உண்மையாகவே கேட்கிறேன், நாய்க்கு எப்படிப் புரியவைப்பீர்கள்? சொன்னதைக் கேட்டால் தட்டிக்கொடுக்கிறீர்கள். கேட்காவிட்டாலும் தட்டிக்கொடுத்தால் அதற்குக் குழம்பாதா? துணி வெட்டும்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்டாயே. நல்ல துணியில் ஒரு தடவை தப்பாக வெட்டினால் அதை ஒட்டவைக்க முடியுமா? வாடிக்கைக்காரருக்கு நீயா பதில் சொல்வாய்? உன் வேலையைப் பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அவள் தெருவில் நாயோடு நடக்கும்போது நீ பின்னாலேயே போ. கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்றாயே, அந்த நாளிலாவது போ. வண்டி வாகனம் ஓடும் தெரு. அவளுக்குத் தெரிய வேண்டாம். எட்டத்தில் போ, போதும். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தேர்வு போய்விட்டது.

ரேடியோவோடு நடக்கும்போது வக்கீலைப் போல ஒரு நாய் இந்த இடத்திலேயே இல்லை. நடைபாதை விளிம்பு வந்தால் அளந்து வைத்தாற்போல் நிற்கும். தேர்வு நாளில் கைப்பிடி சார்ஜென்டின் கைக்குப் போனது. நாலு அடி வைத்ததும் வக்கீல் திரும்பி உன் பெண்ணைப் பார்த்தது. அப்புறம் நடந்தது, மறுபடி திரும்பிப் பார்த்தது. நடைபாதை முடிந்த இடத்தில் நிற்கவே இல்லை. சார்ஜென்ட் தெருவில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

ஏன் என்று பிறகு படம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். ரேடியோ அந்த நாயோடு நடக்கும்போது, விளிம்பு வருவதற்கு முன்னாலேயே அவள் கை கொஞ்சம் இறுகுகிறது, மூச்சைப் பிடிக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. நாய் தெருவைப் படிக்கவில்லை, அவள் கையைப் படித்திருக்கிறது. நாய் தப்புச் செய்யக் கூடாதே என்ற ஆசையில் நாய்க்குப் பதிலாக இவளே எல்லா வேலையையும் செய்திருக்கிறாள்.

இதை யாரிடம் கற்றாள் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூட மேடையில் அவள் பாட்டு ஒப்பித்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து நீ உதட்டை அசைத்துக் காட்டவில்லையா? அடுத்த வருஷம் உனக்குக் காய்ச்சல். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஏறி, முதல் வரிசையைப் பார்த்து, ஒரு வார்த்தை வராமல் இறங்கி வந்தாள்.

இரண்டு நாளாக ரேடியோ ஓடவில்லை. நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. "தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே நீதான் யோசிக்கணும்"னு மட்டும் சொன்னேன். மீதி இருப்பது ஒரே வாய்ப்பு. ஜூனில்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

ஆமாம்டா, உதட்டை அசைத்தேன். அசைத்ததால் முதல் பரிசு வந்தது. அந்தக் கோப்பை இன்னும் அலமாரியில் இருக்கிறது, தூசி தட்டுவதும் நான்தான். குழந்தை மேடையில் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன கல்லா?

குழந்தை பெற்று வளர்க்காதவனுக்கு ஊருக்கு உபதேசம் சுலபம். இரண்டு நாள் பேசாமல் இருக்கிறாள் என்று ஏதோ மழை பெய்யவில்லை என்பதுபோல் எழுதுகிறாயே, பக்கத்தில் போய் ஒரு வாய் சாப்பிட்டாயா என்று கேட்டாயா? அவள் அழுதாளா? அதையாவது பார்த்தாயா?

திருப்பி அனுப்பிவிடு. வேலை இன்னும் இருக்கிறது, நேற்றும் கேட்டு வைத்தேன். இன்னொரு தடவை எல்லார் எதிரிலும் அவள் தோற்று நிற்க வேண்டாம். தாங்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

நீ திட்டியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் எனக்கே ஒரு பாடம் நடந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ ஆசை தீரச் சிரித்துக்கொள்.

திருப்பி அனுப்பு என்று நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். "அம்மா கிட்ட இல்லன்னு சொல்லிடுங்க மாமா. நாய் தோக்கல, நான்தான் தோத்தேன். அத நான்தான் சரி பண்ணணும்"னு சொல்லிவிட்டு எழுந்து போனாள். அழுதாளா என்று கேட்டாயே, அழுதாள். பார்த்தேன். பக்கத்தில் போகாமல் இருந்தது எனக்கு ஒன்றும் சுலபமாக இல்லை.

மறுநாளிலிருந்து அவளே கண்ணைக் கட்டிக்கொண்டு வக்கீலோடு நடக்க ஆரம்பித்தாள். கண் தெரியாவிட்டால் கை முன்கூட்டியே இறுகாதல்லவா, அதுதான் அவள் கணக்கு. நல்ல யோசனை. நீ சொன்னபடி நான் பின்னாலேயே போனேன். ஒரு தப்பு இல்லை! எல்லா விளிம்பிலும் நின்றது, எல்லாக் கம்பத்தையும் சுற்றிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வந்ததும், "ஜெயிச்சுட்ட போ"ன்னு சொன்னேன்.

கண்கட்டை அவிழ்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அசல் நீதான். "மாமா, உங்க ஷூ சத்தம் போடுது."

"போட்டா என்ன?"

"பள்ளம் வந்தா நீங்க எனக்கு முன்னாடியே நின்னுடறீங்க. சத்தம் நிக்குது. சத்தம் நின்னா என் கை இறுகுது. கை இறுகினா வக்கீல் நிக்குது. கண்ணக் கட்டியும் ஒண்ணும் மாறல மாமா."

நான் நின்றால் அவள் கை இறுகும், அவள் கை இறுகினால் நாய் நிற்கும். தெருவைப் பார்க்கிற வேலையே நாய்க்கு இல்லை. மேடையில் ஏற்றிவிட்டு உதடு அசைக்கிறாள் என் அக்கா என்று உன்னைச் சொன்னேனே, நான் ஷூவால் அசைத்திருக்கிறேன். அவளை நம்புகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒரு தெருகூட அவளைத் தனியாக நடக்க விடவில்லை. பின்னாலேயே போ என்று எழுதியது நீ. போனது நான். ஆக, அந்த நாயை நாம் மூன்று பேர் சேர்ந்து கெடுத்திருக்கிறோம்.

இனிமேல் நான் பின்னால் போகப் போவதில்லை. கண்கட்டோடு போகும் நாளில் சார்ஜென்ட் போவார், அவர் ரப்பர் செருப்பு. அவர் விழுந்தாலும் சத்தம் வராது, பிறர் விழுந்தாலும் வாய் திறக்க மாட்டார். மறைக்காமல் எழுது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன்: முந்தாநாள் வக்கீல் அவளைக் கொண்டுபோய் ஒரு கம்பத்தில் இடித்துவிட்டது. நெற்றியில் வீக்கம். ஐஸ் வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னிக்குத்தான் மாமா அது நிஜமா தப்பு பண்ணுச்சு"ன்னு சொல்லி நாய்க்கு முத்தம் வேறு.

தம்பி


மே 23

தம்பிக்கு,

நெற்றியில் எந்தப் பக்கம்?

அக்கா

பின்குறிப்பு: உன் கடிதத்தைப் படித்துவிட்டு, என்னவோ வேகத்தில், கடைப் பெண்ணிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டேன். ஒரு சட்டை வெட்டினாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வாடிக்கைக்காரரிடம் நான்தான் திட்டு வாங்கினேன். மறுபடி கொடுப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் தினமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.


ஜூன் 15

அக்காவுக்கு,

இடது பக்கம். இப்போது தழும்புகூட இல்லை.

நாளை மறுநாள், பதினேழாம் தேதி காலையில் தேர்வு. இந்தத் தடவை நடக்கப் போவது சார்ஜென்ட் இல்லை, நான். உன் பெண்ணே போய்க் கேட்டாள். "மாமாவ நடக்கச் சொல்லுங்க. நான் தெருவுக்கே வரல, கேன்டீன்ல உக்காந்திருக்கேன். நான் இருந்தா வக்கீல் என்னத் தேடும்"னு சொன்னாள். சொந்தக்காரர் நடக்கலாமா என்று சார்ஜென்ட் யோசித்தார். மதிப்பெண் போடப் போவது பின்னால் வரும் தான்தானே என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

இவள் என்னைத் தேர்வு செய்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். நாய்க்குத் தன் உயரத்துக்குத்தான் உலகம். தலைக்கு மேலே தொங்கும் பலகை, நீட்டிக்கொண்டிருக்கும் கிளை இதற்கெல்லாம் அடியில் அது தாராளமாகப் புகுந்து போய்விடும், பின்னால் வருகிற மனிதருக்குத்தான் இடிக்கும். தன்னைவிட உயரமான ஒருவருக்கும் சேர்த்து அது வழி பார்க்க வேண்டும். ரேடியோ குள்ளம், நான் நெட்டை. அவளோடு பழகிய நாய்க்கு அவள் உயரம்தான் தெரியும். அதற்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? இந்த ஒரு மாதமாகத் தலையில் நீளமான ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாள். பெட்டி எங்கேயாவது இடித்தால் நின்று, அந்த இடத்தைத் தட்டிக் காட்டி, திரும்ப நடப்பாள். தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். "என்ன இது கூத்து"ன்னு கேட்டேன். "வக்கீலுக்கு நெட்டையான கட்சிக்காரர் கிடைச்சா என்ன பண்றது மாமா?" இதை நான் சொல்லித் தரவில்லை. இங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் நான் கண்ணைக் கட்டி நடந்தே பல வருஷம் ஆகிவிட்டது. எந்த வழி என்று சார்ஜென்ட் சொல்லவில்லை. தவறினால் வக்கீலும் போய்விடும், அவளும் போய்விடுவாள். அவள் உன் ஃபேனுக்கு அடியில் நன்றாகத்தான் இருப்பாள். ஆனால் இந்த வேலைக்கு இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை அக்கா. இதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

நேற்று நான் வந்திருந்தேன்.

கடையைப் பொத்தான் பெண்ணிடம் விட்டுவிட்டு விடியற்காலை பஸ் பிடித்தேன். ஏன் என்று கேட்காதே. வீட்டில் உட்கார முடியவில்லை. உங்கள் வாசலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு செருப்புக் கடை இருக்கிறதே, அங்கே செருப்புப் பார்ப்பதுபோல் நின்றேன். கடைக்காரர் ஏழெட்டு ஜோடி எடுத்துப் போட்டார். எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நீ வெளியே வந்தாய். கறுப்புக் கண்கட்டு, நாய், பின்னால் முறைத்துக்கொண்டு ஓர் அம்மாள். சார்ஜென்ட் அவர்தானே? நீ நடந்த அழகைப் பார்க்க வேண்டுமே. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. முதல் தடவை சைக்கிள் ஏறியவன்கூட அப்படி இருக்க மாட்டான். நான் எதிர்ச்சாரியிலேயே கூடவே நடந்தேன். பயப்படாதே, தெரு முழுக்க வண்டிச் சத்தம், என் செருப்பு யாருக்கும் கேட்டிருக்காது.

இரும்புக் கடை வாசலில் ஒரு லாரி நின்றதே. பின்பக்கத்திலிருந்து கம்பிகள் நடைபாதைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. உன் கண் உயரம். சரியாக உன் கண் உயரம்டா. நாயும் போய்விடலாம், என் பெண்ணும் குனியாமல் போய்விடலாம், உனக்குத்தான் ஆபத்து. வக்கீல் நின்றுவிட்டது. நீ "போ" என்றாய். உதட்டசைவிலேயே தெரிந்தது. அது அசையவில்லை. மறுபடி சொன்னாய். அது திரும்பி உன் காலுக்குக் குறுக்கே நின்றது. நீ என்ன செய்தாய்? தெரு எனக்குத் தெரியும் என்கிற திமிரில் முட்டியால் அதைத் தள்ளினாய்!

என் வாய் திறந்துவிட்டது. "டேய் நில்லுடா" தொண்டை வரை வந்துவிட்டது. கத்தியிருந்தால் நீ நின்றிருப்பாய், என் குரல் உனக்குத் தெரியும். கண் பிழைத்திருக்கும். தேர்வு போயிருக்கும். அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். இவ்வளவும் ஒரே நொடியில் எனக்குத் தோன்றியது, வந்திருப்பாள் என்பது உட்பட. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். சார்ஜென்ட் அம்மாளும் உன் முதுகுக்குக் கையை நீட்டியபடி நின்றார், தொடவில்லை.

வக்கீல் ஓர் அங்குலம் விடவில்லை. உன் முட்டியில் தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து நின்றது. அப்புறம்தான் உனக்குப் புத்தி வந்து கையை முன்னால் நீட்டினாய். கம்பி நுனி உள்ளங்கையில் பட்டது. அப்படியே நின்றாய். பிறகு குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாய். அது உன்னை லாரியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனது. நான் எதிர்ச்சாரியில் ஏதோ ஒரு கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 

திரும்பி வரும்போது உங்கள் கேன்டீன் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சமையற்காரரிடம் என்னவோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ரேடியோதான். நான் உள்ளே போகவில்லை. போனால் பேச்சு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

நான் வந்தது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் எத்தனை தடவை படித்தேன் என்பது உனக்கு வேண்டாம்.

நீ எழுதாவிட்டால் அது என் கண் உயரம் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. சார்ஜென்ட் அறிக்கையில் "தடை: இரும்புக் கம்பி" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். முட்டியால் தள்ளியதை மட்டும் விவரமாக எழுதியிருக்கிறார். "நடந்தவருக்கு மறுபயிற்சி தேவை" என்று குறிப்பு வேறு. நாய்க்கு முழு மதிப்பெண்.

அவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. வக்கீல் அடுத்த மாதம் ஓர் இசை ஆசிரியையிடம் போகிறது. நல்ல உயரமான அம்மாள். உன் பெண்ணுக்கு அடுத்த நாய் வந்தாயிற்று. இந்தத் தடவை என்னிடம் வந்து, "மாமா, இதுக்கு நீங்க எதுலயும் வர வேண்டாம், கேட்டா மட்டும் சொல்லுங்க"ன்னு சொல்லிவிட்டாள். ஒரு வாரமாக ஒன்றும் கேட்கவில்லை. நான் என் அறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

ஆபீஸ் இடத்துக்கு இந்த மாதம்தானே கெடு. என்ன சொன்னாய்?

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. எப்படி வாயைப் பொத்தினாய்? என்னால் முடிந்திருக்காது.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மேலாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடுப்பை இந்தத் தடவை பொத்தான் பெண்தான் வெட்டினாள். இரண்டு கையும் ஒரே நீளம். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

எப்படிப் பொத்தினேன் என்று எனக்கே தெரியாது. மறுபடி ஒரு தடவை முடியும் என்றும் சொல்ல மாட்டேன்.

இதை எழுத வந்ததே வேறு விஷயத்துக்காக. நேற்று மத்தியானம் கடையில் போன் அடித்தது. அவள்தான். நான் கூப்பிடவில்லை, அவளாகவே கூப்பிட்டாள். சாப்பிட்டியாம்மா என்று அவள் என்னைக் கேட்டாள். அப்புறம், "உனக்கு ஒண்ணு சொல்லணும், நேரம் இருக்கா?"ன்னு கேட்டாள். நாலு பேர் அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். இருக்கு என்றேன்.

தேர்வுக் கதையை முழுக்கச் சொன்னாள்டா. அவள் பார்க்காத தேர்வு. சார்ஜென்ட் சொன்னது கொஞ்சம், நீ சொன்னது கொஞ்சம், மீதியெல்லாம் அவளே கட்டியது. லாரியை உன் இடது பக்கத்தில் நிறுத்தினாள். வலது பக்கம் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கம்பி உன் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்ததாம். நீ அங்கேயே மண்டி போட்டு நாயைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாயாம். இருக்கட்டும், உனக்கு அது தேவைதான். நடுநடுவே வக்கீலின் குரலில் வேறு பேசிக் காட்டினாள். அவள் அப்பாவிடம் இப்படித்தான் பேசுவாள். அளவு கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பொத்தான் பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது.

கம்பி இருந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெருவே நின்னு பாத்துச்சாம்மா. அத்தன பேர்ல ஒருத்தராவது ஐயோன்னு கத்தியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். ஒருத்தர்கூட வாயத் திறக்கலம்மா. ஏன்னே தெரியல."

"அடடா" என்றேன். "அப்புறம்?"

அக்கா